கத்தி படாத பாண்

வெங்காயத்தை வதக்கிச் சூட்டோடு மாவுக்குள் வைத்து மூடினால் பாண் அடியில் நசநசத்துப் போகும். முதலில் ஆறவிட வேண்டும். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. எல்லாவற்றிலும் அவசரம். எனக்கு அவசரம் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்களும் ஆறுதலாகவே எழுதுங்கள். உங்கள் பெயரைச் சொன்னதுமே எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்பது எனக்குப் பிடிபட்டுவிட்டது. நல்ல இடம். அதனால்தான் இவ்வளவும் சொல்ல மனம் வந்தது.

என் பெயர் இரத்தினம்மா. கன்னியர் மடத்துக் குசினி என் பொறுப்பில் இருந்தது. மடமும் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஒரே வளவுக்குள்தான். என் புருஷன் நெருப்புக் காய்ச்சலில் போனபிறகு, மகள் பெர்னடெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் படலைக்குள் நுழைந்தேன். நாங்கள் பிறர் அடுப்பில் வெந்த ஆட்கள் அல்ல. தோட்டமும் துரவும் இருந்த குடும்பம். மடத்தில் செய்தால் அது தொண்டு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். மகள் அங்கேயே தங்கிப் படித்தாள். பெரிய வகுப்பு முடித்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவும் தொடங்கினாள். நல்ல குரல் அவளுக்கு. கோயிலில் பாடினால் முன்வரிசை ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பாணைப் பற்றிக் கேட்டீர்கள். அதைக் கொண்டுவந்தவர் சிஸ்டர் அஞ்செலீனா. இத்தாலி தேசத்தில் நேப்பிள்ஸ் என்ற பட்டினத்துக்காரி. அங்கே மாவைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் சீஸும் உப்பிட்ட பன்றியிறைச்சியும் வைத்து மூடி, வட்டத் தகரத்தில் நெருக்கி அடுக்கிச் சுடுவார்களாம். போறணைக்குள் போனதும் உருண்டைகள் பொங்கித் தோளோடு தோள் ஒட்டிக்கொள்ளும். வெளியே எடுத்தால் ஒரே பாண். மேசை நடுவில் வைத்தால் அவரவர் தன் கையால் ஒரு உருண்டையைப் பிய்த்துத் தின்னவேண்டும். சீஸ் கொழும்பிலிருந்து எப்போதாவதுதான் தகரத்தில் வரும். ஆகவே நான் ஆட்டிறைச்சியைக் கொத்தி, மிளகும் சுன்னாகத்து வெங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்து வதக்கி உள்ளே வைத்தேன். சிஸ்டர் முதல்தடவை தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு அழுதார். நான் நன்றாகச் செய்வேன் ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று: பாணில் கத்தி படக்கூடாது. ஒருநாள் நான் நல்ல எண்ணத்தோடு துண்டு துண்டாக வெட்டிப் பீங்கானில் அடுக்கி வைத்தேன். அவர் முகம் மிளகாய்ப்பழமாகிவிட்டது.

"இரத்தினம்மா, இது ஒரே அப்பம். இதை வெட்டுவது பாவம்" என்றார்.

வேதபுத்தகத்தில் படித்த தமிழ் அவருடையது. கோபம் மட்டும் சொந்தப் பாஷை. மேசையைத் தட்டினார், கையை விரித்தார், வானத்தைப் பார்த்தார். சரி, வெள்ளைக்காரி, அவவின் ஊர் வழக்கம் என்று நானும் விட்டுவிட்டேன்.

மாவைப் பொங்கவைப்பது கள்ளு. பனங்கள்ளு இல்லாமல் எங்கள் ஊரில் பாண் ஏது? அதைக் கொண்டுவருகிறவன் சூசை. கள்ளு இறக்குகிறவன் என்றால் என்ன பகுதி என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேதக்காரன்தான், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவான், கோயிலின் கடைசியில் நிற்பான். மனைவி செத்துப்போனாள். ஒரே ஒரு மகள். சனிக்கிழமை பின்னேரம், மரத்துக்குப் போகிற வழியில், காலைக் கள்ளைக் கொண்டுவந்து தருவான். படலையால் வரமாட்டான். குசினிக்குப் பின்னால் கிடுகுவேலியில் ஆள் நுழையுமளவு ஓட்டையாக நான் ஒரு பொட்டு வைத்திருந்தேன். நான் சட்டியைத் தரையில் வைத்து விலகுவேன். அவன் உயரத் தூக்கி ஊற்றிவிட்டு விலகுவான். அவனுடைய தளைநாரையும் கத்திக்கூட்டையும் இடுப்பில் கட்டிக்கொண்டு மடத்தடியில் நடமாடக்கூடாது என்றும் சொல்லியிருந்தேன். தளைநார் என்றால் மரம் ஏறும்போது இரண்டு காலையும் சேர்த்துப் பிடிக்கிற நார்வளையம். வியர்வை நாற்றம் பிடித்த சாமான். அதை வேலி மூலையில் நிற்கிற பூவரசில் கொழுவிவிட்டுப் பள்ளிக்கூடப் பக்கமாகச் சுற்றிப் போவான். அங்கே யன்னலடியில், சனிக்கிழமை வேதபாட வகுப்பில் அவனுடைய மகள் வாசிப்பது கேட்கும். கொஞ்சநேரம் நின்று கேட்டுவிட்டு வந்து சாமானை எடுத்துக்கொண்டு போவான். இவ்வளவும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. யாருக்கும் யாரிலும் மனஸ்தாபம் இல்லை.

அவன் மகளின் பெயர் மரியரட்ணம். ரட்ணம் என்று அந்தப் பகுதியில் முன்பு ஒருவரும் பெயர் வைத்ததில்லை, வைக்க விட்டதுமில்லை. எந்தச் சுவாமியார் ஞானஸ்நானத்தில் அதை எழுதினாரோ தெரியாது. நான் அவளை மரியி என்றுதான் கூப்பிட்டேன். கூப்பிட்டால் வருவாள். கெட்ட பிள்ளை என்று நான் சொல்லமாட்டேன். அவளில் எனக்கு ஒரு வெறுப்பும் கிடையாது.

முப்பதாம் ஆண்டுக்குப் பிறகு ஊரெல்லாம் சம ஆசனம், சம போசனம் என்று ஒரே அமளி. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும், ஒரே மேசையில் தின்னவேண்டும் என்றார்கள். சில இடங்களில் பள்ளிக்கூடக் கொட்டில்களுக்கே நெருப்பு வைத்தார்களாம். நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கொட்டிலை எரிப்பது மூடர் வேலை. எங்கள் மடத்தில் அதுவரை மரியி வாசற்படியில் பாய் போட்டு இருந்துதான் படித்தாள். மத்தியானம் குசினிக்குப் பின்னால் நான் இலையில் போட்டுக்கொடுப்பதைத் தின்றாள். ஒரு குறையும் வைக்கவில்லை, வயிறு நிறையத்தான் போட்டேன். அரசாங்க உத்தரவு வந்ததும் சிஸ்டர் அஞ்செலீனா அவளைக் கையில் பிடித்துக்கொண்டுபோய் மேசையில் இருத்தினார். எங்கே? என் மகளுக்குப் பக்கத்தில்.

சோறென்றால் பரவாயில்லை. சோறு அவரவர் கோப்பையில் இருக்கும். இந்தப் பாண் அப்படியல்ல. ஒருத்தி தன் உருண்டையைப் பிய்க்கும்போது பக்கத்து உருண்டையைப் பிடிக்காமல் பிய்க்க முடியாது. நீங்கள் செய்து பார்த்தால் விளங்கும். நான் சண்டை பிடிக்கவில்லை. ஒவ்வொரு தகரத்திலும் ஓரத்து உருண்டை ஒன்றைச் சுற்றி வாழையிலை நறுக்கு ஒன்றை நிறுத்திச் சுட்டேன். அந்த உருண்டை ஒட்டாமல் தனியாக வரும். அதை மரியியின் பக்கமாகத் திருப்பி வைப்பேன். அவளும் விளங்கிக்கொண்டு அதையே எடுத்தாள். சில கிழமை இது ஓடியது. பிறகு சிஸ்டர் கருகின இலையைக் கண்டுபிடித்தார். பிள்ளைகள் எல்லாருக்கும் முன்னால், அந்தத் தகரத்தை என் கையில் தந்து, மரியிக்குப் பக்கத்தில் என்னை இருத்தி, அவள் பிய்த்துத் தந்ததைத் தின்னச் சொன்னார். நான் தின்றேன். அன்று எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கவில்லை ஐயா. குசினிக்குத் திரும்பி வந்து அம்மியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் அன்று நான் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு நடந்த அவமானத்துக்கு நான் எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் செய்ததெல்லாம் பிள்ளைக்காக.

பெர்னடெட்டுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஹெக்டர், மலாயாவில் றெயில்வேயில் கிளாக்கர். தாய் பிலோமினாக்கா எங்களுக்குத் தூரத்து உறவு. தகப்பனில்லாப் பிள்ளைக்கு அப்படி ஒரு இடம் வருவது சும்மாவா? மே மாதத்தில் மாதா திருநாளன்று அவ பெண்ணைப் பார்க்க மடத்துக்கு வந்தா. காப்பிப்பட்டுச் சேலை, கையில் மலாயாக் குடை. சிஸ்டருக்குச் சந்தோஷம், புளுகம் தாங்கவில்லை. பாண் மேசைக்கு வரட்டும் என்றார். அன்றைக்குப் பாண் நன்றாகப் பொங்கியிருந்தது. அதிகமாகவே பொங்கிவிட்டது. பெர்னடெட் தன் உருண்டையை இழுத்தாள், வரவில்லை. வெட்கத்தில் சிரித்தாள். அப்போது பக்கத்தில் இருந்த மரியி கையை நீட்டி, இரண்டு விரலால் பிடித்துப் பிய்த்து, "இந்தாங்கோ அக்கா" என்று என் மகளின் கையில் கொடுத்தாள். என் மகள் அதைத் தின்றாள். விரலையும் நக்கினாள்.

பிலோமினாக்கா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தா.

"அந்தப் பிள்ளை ஆர்?" என்று கேட்டா. குரல் தேன்தான்.

"வெளியூர்ப் பிள்ளை" என்றேன் நான்.

சிஸ்டர் அஞ்செலீனாவுக்கு அன்றைக்கென்று தமிழ் நன்றாக விளங்கியது. "இல்லை, இல்லை. இவள் எங்களுக்குக் கள்ளு இறக்கும் சூசையின் குமாரத்தி. வகுப்பில் முதலாவது" என்று அவளின் தலையைத் தடவினார்.

படலையடியில் வைத்துத்தான் பிலோமினாக்கா வாயைத் திறந்தா. "இரத்தினம், பெட்டையிலை நான் ஒரு குறையும் சொல்லன். ஆனா அவள் கைநனைக்கிற இடம் உப்பிடி எண்டால் நாளைக்கு என்ரை வீட்டிலை ஆர் வந்து கைநனைப்பினம்? அந்தக் கள்ளுக்காரன்ரை பெட்டை உங்கை இருக்குமட்டும் இந்தக் கதையை எடுக்கேலாது. அவள் விலகினால் பாப்பம். பொடியன் வாற வருசம் லீவிலை வருவான்."

வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்த கதை. ஆனால் முழுதாக உடையவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். அவள் விலகினால் பாப்பம் என்றா. ஒரு பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தை விட்டு விலகினால் போதும், என் மகளின் வாழ்க்கை நிமிர்ந்துவிடும். அது பெரிய காரியமாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் சிஸ்டரிடம் முறையாகப் போய்க் கேட்டேன். வேறு மடத்துக்கு அனுப்பலாமே என்றேன். அவர் கையில் இருந்த மாப்பலகையை மேசையில் அறைந்தார். "இயேசு யாரோடு போசனம் பண்ணினார், இரத்தினம்மா? சொல், யாரோடு?"

"யேசுநாதருக்குக் கட்டிக்குடுக்கப் பொம்பிளைப்பிள்ளை இருக்கேல்லை, சிஸ்டர்" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. விளங்கியிருந்தால் இவ்வளவும் நடந்திராது.

அடுத்த சனிக்கிழமை சூசையிடம் கதைத்தேன். தன்மையாகத்தான் கதைத்தேன். நான் வாழ்க்கையில் அவனோடு அவ்வளவு தன்மையாகக் கதைத்ததில்லை.

"சூசை, பிள்ளையை நிப்பாட்டு. படிச்சுக் கிழிச்சு என்ன செய்யப்போறாள்? வீட்டிலை உனக்குச் சோறாக்கவும் ஆளில்லை. என்ரை பிள்ளையின்ரை வாழ்வு இதிலை கிடக்குது."

அவன் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதுவரை அவன் என்னை நாச்சியார் என்றுதான் கூப்பிடுவான். அவனுடைய தாயும் என் மாமியை அப்படித்தான் கூப்பிட்டாள்.

"ஏலாது அக்கா" என்றான்.

அக்கா. மடத்தில் எல்லாரும் சகோதரம் என்று அவன் மகள் வீட்டில் போய்ச் சொல்லிக்கொடுத்திருப்பாள். எனக்குக் காது இரண்டும் அடைத்துப்போயிற்று. அவன் நிறுத்தவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் கதைத்தான்.

"நானிறக்கிற கள்ளைக் குழைச்சுத் தின்னேலும், என்ரை பிள்ளையின்ரை கை பட்டதைத் தின்னேலாதோ? உது எந்த ஊர் ஞாயம்? அவள் படிக்கட்டும். உங்கடை பிள்ளைக்கு வாறவன் உதுக்காக ஓடுறவன் எண்டால் அவன் ஓடட்டும்."

ஞாயம் கேட்டான் அல்லவா, அதற்கு நான் உங்களிடம் ஞாயம் சொல்கிறேன். கள்ளு மாவோடு போறணைக்குள் போகிறது. நெருப்பில் வெந்தபிறகு அதில் ஒரு தீட்டும் இல்லை. கை அப்படியல்ல. கை நெருப்புக்குப் பிறகு வருகிறது. இது விளங்குவதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. அவனுக்கு அதைச் சொல்லவேண்டும் என்று வாய்வரை வந்தது. அவனோடு வாதாடுகிற அளவுக்கு நான் இறங்கவில்லை. "சரி சூசை, போயிட்டு வா" என்றேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை அவன் வழக்கம்போல ஊற்றிவிட்டு யன்னலடிக்குப் போனான். தளைநார் பூவரசில் தொங்கியது. என் கையில் வெங்காயம் நறுக்குகிற கத்தி இருந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கையில் வேறு என்ன இருக்கும்? பொட்டால் வெளியே போய் நாரை எடுத்தேன். நான் அதைத் தொட்டது அதுதான் முதல்தடவை. அவன் கவனமான மனுஷன், விடியற்காலையில் மரத்துக்குப் போகுமுன் நாரை இழுத்து இழுத்துப் பார்ப்பானாம். பின்னேரம் பார்க்கமாட்டான். சிஸ்டர்மாரின் வேலியில் தொங்கிய சாமானை யார் சந்தேகப்படுவார்கள்? உட்பக்கத்தில், முடிச்சுக்குக் கீழே, பாதி அறுத்தேன். முழுதாக அறுத்தால் எடுக்கும்போதே கண்டுவிடுவான்.

அந்த நேரம் பெர்னடெட் குசினிக்கு வந்தாள். பொட்டால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, என்ன செய்யிறியள்?"

"நார் பிசிறிப்போய்க் கிடக்குது. பிசிறை வெட்டிவிடுறன்."

அவள் என் கையிலிருந்த நாரைப் பார்த்தாள். பிறகு ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "என்ரை அம்மா சூசையின்ரை நாரைத் தொடுறா. இண்டைக்கு மழைதான் பெய்யப்போகுது" என்று பகிடி பண்ணினாள். என் கன்னத்தில் கொஞ்சினாள். நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். அவள் அப்படி என்னைக் கொஞ்சி எவ்வளவோ காலம். நாரைத் திரும்பவும் கொழுவிவிட்டு, தேசிக்காய்த் தோல் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து மா குழைத்தேன்.

என் எண்ணம் என்ன என்று கேட்பீர்கள். கால் முறியவேண்டும். அவ்வளவுதான். கால் முறிந்தால் அவன் படுக்கையில் கிடப்பான். தாயில்லாப் பெட்டை வீட்டில் நின்று அவனைப் பார்ப்பாள். பள்ளிக்கூடம் தானாக நிற்கும். அவன் செத்தால் என்ன ஆகும்? அனாதைப் பிள்ளை என்று மடத்தில் முழுதாக எடுத்துவிடுவார்கள். அது எனக்குத்தானே நட்டம். ஆகவே அவன் சாகவேண்டும் என்று நான் நினைத்திருக்கவே ஏலாது. இதை நீங்கள் ஆறுதலாக யோசித்துப் பார்க்கவேண்டும்.

இறைச்சியை உருண்டைக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தபோது கோயில் பக்கமிருந்து சத்தம் கேட்டது. சூசை பனையால் விழுந்துவிட்டான், ஆள் முடிந்துவிட்டது என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். பிள்ளைகள் எல்லாரும் முற்றத்துக்கு ஓடினார்கள். நான் மிச்ச உருண்டைகளையும் மூடித் தகரத்தில் அடுக்கி ஈரத்துணியால் போர்த்தினேன். பாதியில் விட்டால் மா காய்ந்துவிடும்.

ஞாயிறு காலை சிஸ்டர் அந்தப் பாண் முழுவதையும் கடகத்தில் எடுத்து வைக்கச் சொன்னார், செத்தவீட்டுக்குக் கொண்டுபோக. என்னையும் வரச் சொன்னார். போனேன். அந்தக் குறிச்சிக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். அடுப்பு மூட்டாத வீடு. மரியி அழுது ஓய்ந்து இருந்தாள். சிஸ்டர் பாணை அவளின் கையில் கொடுத்ததும் எழும்பினாள். ஒவ்வொரு உருண்டையாகப் பிய்த்து வந்த சனத்துக்கெல்லாம் கொடுத்தாள். என்னிடமும் வந்தாள்.

"குசினியம்மா, நீங்களும் ஒண்டு எடுங்கோ. அப்பு கடைசியா இறக்கின கள்ளிலை பொங்கினது."

"எனக்கு வயிறு சரியில்லை, பிள்ளை" என்றேன்.

பெர்னடெட் பக்கத்தில்தான் நின்றாள். செத்தவனின் சாமான்களை ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தார்கள். அவள் குனிந்து நாரைக் கையில் எடுத்தாள். பாதி, கத்தியால் வெட்டிய பளிச்சென்ற வெட்டு. மற்றப் பாதி பிய்ந்து நாராய்க் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நான் மறுத்த பாணைப் பார்த்தாள். சனத்துக்கு முன்னால் அமளி பண்ணாமல் நாரை இருந்த இடத்திலேயே வைத்தாள். வளர்ப்பு அப்படி.

நான் பயந்ததே நடந்தது. மடம் மரியியை முழுதாக எடுத்துக்கொண்டது. பெர்னடெட் தன் கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் அவளின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாள். நான் பிலோமினாக்காவுக்கு ஆள் அனுப்பினேன். தகப்பன் போய்விட்டான், இனி ஒரு வழி பிறக்கும் என்று சொல்லச் சொன்னேன். அவ சொல்லி அனுப்பினா, "முந்தி ஒருநேரம் இருந்து திண்டவள் இப்ப அங்கேயே குடியேறிட்டாள். ஹெக்டருக்கு வேறை இடத்திலை பேசி முடிச்சிட்டம்" என்று. பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த மாதிரி என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அது எனக்குத்தான் சரி.

நேற்று மத்தியானம் மகள் குசினிக்கு வந்தாள். நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அண்டைக்கு நீங்கள் வெட்டினது பிசிறோ?"

"ஓம்."

"பொய் சொல்லாதையுங்கோ. நான் உங்களைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினனான். நீங்கள் அந்தக் கத்தியைக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

"எல்லாம் உனக்காகத்தான் பிள்ளை. உன்ரை கலியாணத்துக்காக."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் உங்களிட்டைக் கலியாணம் கேட்டனானோ?" என்றாள். "ஒருநாளாவது கேட்டனானோ? என்னைச் சொல்லிச் சொல்லி ஒரு மனுசனைக் கொன்றுபோட்டியள். இனி உங்களுக்கு நான் பிள்ளையும் இல்லை, எனக்கு நீங்கள் தாயும் இல்லை." வெளியே போய் மரியியின் கையைப் பிடித்துக்கொண்டு படலையைத் திறந்து இறங்கினாள். இரண்டு பேரும் வெய்யிலில் நடந்து உங்களிடம்தான் வந்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் ரோட்டால், ஊர் பார்க்க, கையோடு கை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. கோபம் இருந்தால் தனியாக வந்து சொல்லியிருக்கலாம்.

இனி எழுதவேண்டியதை எழுதுங்கள். நாரை அறுத்தது நான். எவரும் ஏவவில்லை. கால் முறியவேண்டும் என்றுதான் நினைத்தேன் என்று சொன்னேன், அதையும் எழுதுங்கள். ஆனால் அன்று பின்னேரம் அவன் ஏறவேண்டியது எந்த மரம் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். கோயிலுக்குப் பின்னால் நிற்கிற நெட்டைப் பனை. குசினி யன்னலால் பார்த்தால் தலைவட்டு மட்டும் தெரியும். அதன் உச்சியிலிருந்து விழுந்து எவனும் காலோடு தப்பியதில்லை என்பதும் தெரியும். அக்கா என்று சொன்ன வாய் இனித் திறக்காது என்று அறுக்கும்போது ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்புத்தான், ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

காரணம் என்ற இடத்தில் சாதி என்று போடாதீர்கள். எனக்கு அப்படி ஒரு எண்ணம் என்றைக்கும் இருந்ததில்லை. நான் தினமும் செபமாலை சொல்லுகிறவள். ஒரு தாய் தன் பிள்ளைக்காகச் செய்தாள் என்று எழுதுங்கள். வாசிக்கிறவர்களுக்கு விளங்கும். பேனையைத் தாருங்கள், கையெழுத்து வைக்கிறேன். மறியலுக்குப் போய்ச் சிறையிருக்க எனக்குப் பயமில்லை. ஒன்றை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள் ஐயா. அங்கே சோறு ஆக்குகிறவர்கள் எந்தப் பகுதி ஆட்கள்?